ஆறு இலக்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டிஜிட்டல் தொழில்நுட்பம் பெண்ணின் சுமையை இறக்கியதா, ஏற்றியதா? ஏற்றியது என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "வழிகாட்டுவதும் பெண் குரல், கேட்டதற்குப் பதில் சொல்வதும் பெண் குரல். இயந்திரத்துக்கே பெண்ணை எஜமானி ஆக்கிவிட்டோம், இன்னும் என்ன வேண்டும்?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். எஜமானியா ஐயா? எந்த எஜமானியை வீட்டில் அத்தனை பேரும் ஏவுகிறார்கள்? விளக்கை அணை, பாட்டைப் போடு, விடியற்காலையில் எழுப்பு! ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால், 'முடிந்தால் வெட்கப்படுவேன்' என்று ஒரு காலத்தில் குழைந்தது, ஐபோனில் பேசும் 'சிரி' என்ற பெண் குரல். 2019இல் யுனெஸ்கோ அந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்து அறிக்கை வெளியிட்டது. திட்டுகிறவனிடம் குழைகிறவள் எஜமானியாம்!

என் வீட்டு எஜமானியின் கதையைக் கேளுங்கள். அது நான்தான். கணவர் முன்வரிசையில் இருக்கிறார், அனுமதி வாங்கிவிட்டேன். எல்லாக் கட்டணத்தையும் கைப்பேசியிலேயே கட்டிவிடுவார். "அவளுக்கு ஒரு வேலையும் வைப்பதில்லை" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். ஆனால் ஓடிபி வருவது என் எண்ணுக்கு. தன் எண்ணைக் கொடுத்தால் அலுவலகத்தில் தொந்தரவாம்.

ஒருநாள் எனக்குக் கடும் காய்ச்சல். நள்ளிரவில் உலுக்கி எழுப்பினார். "ஓடிபி வந்ததா?" தலையணைக்கடியில் துழாவி, ஒரு கண்ணை மட்டும் திறந்து ஆறு இலக்கத்தையும் படித்தேன். அவர் கண்ணாடியைத் தேடினார். 'நேரம் முடிந்துவிட்டது' என்றது திரை. மறுபடி படித்தேன். "ஆறா, ஒன்பதா?" என்றார். நேரம் முடிந்துவிட்டது. பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்கிறேன்: காய்ச்சல் எனக்கு, கண் தெரியாதது அவருக்கு! மூன்றாவது தடவை பணம் போய்ச் சேர்ந்தது. "அப்பாடா, ஒரு வேலையை முடித்தேன்" என்று படுத்தவர் அடுத்த நிமிடம் குறட்டை.

ரசீதில் அவர் பெயர் இருந்தது. ஆறு இலக்கத்துக்கு ஏது ரசீது? பள்ளி வாட்ஸ்அப் குழு, மருத்துவரிடம் முன்பதிவு, பிள்ளைகளின் கடவுச்சொல் எல்லாம் அதே கணக்குத்தான்.

சிரித்தது போதும். 1946 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் எனியாக் கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். பீரங்கிக் குண்டு இலக்கை எட்டுவதற்குள் அதன் பாதையைக் கணக்கிட்டுவிடும் இயந்திரம் என்று வியந்தார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அன்றிரவு விருந்து நடந்தது. அந்த ஆறு பேருக்கும் அழைப்பில்லை. ஆறு இலக்கத்துக்கும் ஆறு பெண்களுக்கும் என்ன சம்பந்தம் என்று எதிரணி கேட்கும். தர்க்கம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றிரவு அவர்கள் வீட்டுக்குத் திரும்பியதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நேரம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆறே பெயர்கள். கே மெக்நல்டி. பெட்டி ஜென்னிங்ஸ். பெட்டி ஸ்னைடர். மார்லின் வெஸ்காஃப். ஃபிரான் பிலாஸ். ரூத் லிக்டர்மன்.