ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங்னா கார்பரேட்டரை ஏன் கழட்டணும்?

சரி, அடுத்த கேள்வி. பழைய மாருதி 800, கார்பரேட்டர் வண்டி, காயில் கரண்டை விட்டு விட்டு வெட்டுற பாயிண்ட் வெச்சது. ஐடில்ல வண்டியே ஆடுதாம், மேடு ஏறும்போது இழுக்கலயாம். மூணு பிளக்கும் மாத்தியாச்சு, காயிலும் மாத்தியாச்சு. இப்ப கார்பரேட்டரை முழுசா கழட்டிச் சுத்தம் பண்ணி ஓவரால் பண்ணணும்னு சொல்றாங்களாம். பண்ணலாமா?

இவ்வளவு எழுதினவர், எந்த சிலிண்டர் மிஸ் ஆகுது, அதாவது எதுல சரியா எரியலைன்னு எழுதல. எனக்கு உறுத்துறது அதுதான். நம்ம வீடியோ தொடர்ந்து பாக்குறவங்களுக்குத் தெரியும், நான் முதல்ல கேக்குறது இதத்தான். காயில், கன்டென்சர், ரோட்டர், கார்பரேட்டர், எல்லாமே மூணு சிலிண்டருக்கும் பொது. தெருவுக்கே தண்ணி வருது, உங்க வீட்டுக் குழாயில மட்டும் வரலைன்னா மேல்நிலைத் தொட்டியையா கழுவுவீங்க? ஒண்ணு மட்டும் செத்திருந்தா, அதுக்கு மட்டும் சொந்தமான சாமானைப் பாருங்க: பிளக், பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோற ஹெச்டி வயர், டிஸ்ட்ரிபியூட்டர் (மூணு பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சு அனுப்புற சாமான்) மூடியான கேப்ல அந்த ஒரு முனை, வால்வு, ரிங், அந்தப் போர்ட்ல மானிஃபோல்ட் கேஸ்கட்.

கண்டுபிடிக்கிறது சுலபம். எஞ்சின் சூடானதும் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி 1,200, 1,500 ஆர்பிஎம்முக்கு ஏத்திக்கோங்க. இது முக்கியம். நாலு சிலிண்டர் வண்டியில ஒண்ணு செத்து இன்னொண்ண எடுத்தாலும் ரெண்டு பாக்கி இருக்கும். இதுல ஒண்ணுதான் மிச்சம், பட்டுனு நின்னுடும். எஞ்சினை நிறுத்திட்டு ஒரு வயரை எடுங்க, அதுல ஒரு பழைய பிளக்கைச் சொருகி, பிளக் உடம்பை எஞ்சின்ல எர்த் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. வயரைச் சும்மா தொங்கவிட்டா கரண்ட் போக வழியில்லாம கேப்பையும் ரோட்டரையும் பொத்துக்கிட்டுப் போகும். ஒவ்வொரு வயரா இப்படிப் பாருங்க. எதை எடுத்தா ஓட்டத்துல வித்தியாசமே தெரியலயோ, அதுதான் செத்த சிலிண்டர்.

அது ரெண்டாவதுன்னு வெச்சுக்குவோம். அந்தப் பிளக்கை மூணுல போட்டு, மூணோடதை ரெண்டுல போடுங்க. புதுசு வாங்க வேண்டாம். மிஸ்ஸிங் மூணுக்குப் போச்சுன்னா பிளக்தான். புதுப் பிளக்கும் கெட்டிருக்கும், கீழ விழுந்திருந்தா பீங்கான்ல மயிரிழை விரிசல் இருக்கும். பிளக் முனையில இடைவெளி 0.7லேர்ந்து 0.8 மில்லிமீட்டர். பிளக்கால இல்லைன்னா வயர். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பை எடுத்து உள்ள வெளிச்சத்துல பாருங்க, பென்சில்ல கோடு போட்ட மாதிரி கறுப்பா ஒரு இழை ஓடினா கரண்ட் அந்த வழியா லீக் ஆகுது. தேய்ச்சுப் பாக்காதீங்க, மாத்துங்க. வயரைத் திரும்பச் சொருகும்போது சிலிண்டர் எரியுற வரிசை 1-3-2, ஞாபகம் இருக்கட்டும்.

பொதுச் சாமான்ல ஒரே ஒரு விதிவிலக்கு டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட். புஷ் தேஞ்சு ஆடினா பாயிண்ட் இடைவெளி, ஷாஃப்ட்ல பாயிண்டைத் திறக்குற மூணு கேம் மேட்டுல ஒவ்வொண்ணுலயும் வேற வேற வரும். அதனால 0.4, 0.5 மில்லிமீட்டர்னு ஒரு மேட்டுல மட்டும் ஃபீலர் (இடைவெளி அளக்குற தகடு) விட்டுட்டு மூடாதீங்க, மூணுலயும் பாருங்க. பாயிண்ட் இடைவெளியை மாத்தினா டைமிங்கும் மாறும், அதையும் பாத்துடுங்க.

கரண்ட் சரியா இருந்தும் அதே சிலிண்டர் மிஸ்ஸுன்னா கம்ப்ரஷன். மூணு பிளக்கையும் கழட்டி, காயில் கனெக்‌ஷனை எடுத்துட்டு, பிளக் ஓட்டையில ஒவ்வொண்ணா கம்ப்ரஷன் கேஜை வெச்சு, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சு, கேஜ் முள் ஏறுறது நிக்கிற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்துங்க. மூணுக்கும் நடுவுல சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைஞ்சதுல ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா பெரும்பாலும் வால்வு. பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சா ஹெட் கேஸ்கட்.

வால்வுன்னதும் ஹெட்டை இறக்கிடாதீங்க. டேப்பெட்டை, அதாவது வால்வு தலைக்கும் அதை அமுக்குற ராக்கருக்கும் நடுவுல உள்ள இடைவெளியை (கிளியரன்ஸ்), முதல்ல பாருங்க. "சத்தமே இல்லாம ஓடுதுங்க"ன்னு சந்தோஷப்படுவாங்க, பழைய எஞ்சின்ல எனக்கு அதுதான் பயம். டைட்டான டேப்பெட்ல எக்ஸாஸ்ட் வால்வு முழுசா உக்காராது, உக்காராத வால்வு சூட்டை சீட்டுக்குக் கடத்தாது, கருகும். சத்தம் வர்ற வால்வு அவ்வளவு சீக்கிரம் கருகாது. கருகறதுக்கு முன்னாடி கிளியரன்ஸ் வெச்சா ஐடில் அன்னிக்கே சரியாகும்.

இவ்வளவும் சரியா இருந்து, மூணும் மாத்தி மாத்தி மிஸ் ஆகுதுன்னா, அப்பத்தான் கார்பரேட்டர். அதுலயும் முதல்ல வேக்யூம் குழாய்ல வெடிப்பு இருக்கான்னு பாருங்க, ஐடில் ஜெட்டைக் கழட்டி ஊதுங்க. ஓவரால் அதுக்கும் பின்னாடிதான்.