கோடை நாளும் மண்பானைத் தண்ணீரும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கோடை நாளைப் பற்றிச் சில செய்திகளைப் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். கோடை என்றதும் என் மனத்தில் முதலில் வந்து நிற்பது தண்ணீர். அதிலும் குறிப்பாக, நம் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போய்விடும் தண்ணீர். போகிற தண்ணீர் சும்மா போவதில்லை, வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது என்பதை, இயற்பியல் கற்பித்த காலத்தில் வகுப்பறையிலும், ஓய்வுபெற்ற பிறகு கேட்பவர்கள் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். இன்றும் அதையே மண்பானை, சென்னை ஐஸ் ஹவுஸ், தண்ணீர்ப் பந்தல், நுங்கு என்ற வரிசையில் சொல்லலாம் என்று எண்ணி வந்திருக்கிறேன்.

அதற்கு முன் வெயிலைப் பற்றி ஒரு செய்தி. கத்திரி வெயில் மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28-ஆம் தேதி வாக்கில் முடிவதால், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதும் அந்த நாள்களில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏப்ரலிலேயே நிகழ்ந்துவிடுகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஆம் தேதியை ஒட்டியும், சென்னையில் 24-ஆம் தேதியை ஒட்டியும், நண்பகலில் நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அப்படியிருந்தும் கடுமையான வெப்பம் மே மாதத்துக்குத் தள்ளிப்போவதற்குக் காரணம், தரையும் சுவரும் மெல்லச் சூடேறி, வாங்கிய வெப்பத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு பிறகு வெளியிடுவதுதான். நாள்தோறும் வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் நண்பகலாகவும், புழுக்கம் மிகும் நேரம் இரண்டு, மூன்று மணியாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம். சென்னையில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையாகிய 45 டிகிரி, 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பிறகு பதிவானது. அத்தகைய நாள்களில் மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று வலுத்து, வழக்கமாக நண்பகலை ஒட்டி உள்ளே வரும் கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். கடற்காற்று முற்பகலிலேயே வந்துவிட்ட நாளில் சென்னைவாசிகள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இனி மண்பானைக்கு வருகிறேன். குயவர் களிமண்ணோடு மணல் சேர்த்துப் பிசைந்து, வனைந்து, தட்டி, சூளையில் சுடும் பானையின் சுவரில், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணற்றவை இருக்கின்றன. உள்ளே ஊற்றிய தண்ணீர் அந்தத் துளைகளின் வழியே கசிந்து, பானையின் வெளிப்புறத்தை எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது. அந்த ஈரம் காற்றில் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பள்ளிப் பாடநூலில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். ஆனால் அதன் அளவு எவ்வளவு பெரியது என்பதைப் பெரும்பாலோர் நின்று எண்ணிப்பார்ப்பதில்லை. நம் ஊர் வெப்பத்தில் ஒரே ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். ஆகவே பத்து லிட்டர் பிடிக்கும் பானையிலிருந்து நூறு மில்லி லிட்டர், அதாவது ஒரு சிறிய தம்ளர் அளவு தண்ணீர் ஆவியானாலே, மற்றத் தண்ணீர் முழுவதும் ஆறு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் குளிர்ந்துவிட வேண்டும். வெளியிலிருந்தும் வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் இதைவிடக் கூடுதலான தண்ணீர் கசிய வேண்டியிருக்கும். இருந்தாலும், நூற்றில் ஒரு பங்கு தன்னை இழந்து மீதி தொண்ணூற்றொன்பது பங்கைக் குளிரச் செய்கிற ஆற்றல் தண்ணீருக்கு உண்டு என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

மதுரையிலும் திருச்சியிலும் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, சென்னைக்கு வந்த பிறகு அதே பானை அப்படிக் குளிர்வதில்லை என்று சிலர் குறைப்படுவதுண்டு. பானையின் மீது குற்றம் இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், புதிதாக ஆவியாகும் தண்ணீருக்கு அங்கே இடம் குறைவு. உள்நாட்டு ஊரில் வெப்பநிலை 40 டிகிரியாகவும், காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காடாகவும் இருக்கும் பிற்பகலில், பானைத் தண்ணீர் ஏறத்தாழ 25 டிகிரியை நெருங்கக்கூடும். கடலோரத்தில் 35 டிகிரி வெயிலும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 30 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. வெயில் குறைவான ஊரில் பானைத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும், வெயில் கொளுத்தும் ஊரில் குளிர்ந்தும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பானை வாங்குகிறவர்களுக்காகச் சில குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. புதிய பானையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். நிழலும் காற்றோட்டமும் உள்ள சன்னல் ஓரமே பானைக்கு ஏற்ற இடம். மூலையில், சுவரோடு ஒட்டி வைத்தால் ஈரம் ஆவியாக வழியில்லை. அடியில் மணல் பரப்பி, அந்த மணலை நனைத்து வைத்தால் கூடுதலாகக் குளிரும். வெளிப்புறத்தில் வண்ணம் பூசி மெருகேற்றிய பானைகள் பார்வைக்கு அழகானவை, ஆனால் பூச்சு துளைகளை மூடிவிடுவதால் அவற்றில் தண்ணீர் குளிராது. சவக்காரம் போட்டுத் தேய்ப்பதும் துளைகளை அடைக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போதும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவந்தால், பானையின் வெளியே வெள்ளையாக உப்புப் படிந்து, ஓரிரு கோடைகளில் துளைகள் அடைபட்டுவிடும். அப்போது பானை பழுதாகிவிட்டது என்று வருந்தாமல், மானாமதுரை போன்ற ஊர்களில் இன்றும் மண்ணை நம்பி வாழும் குயவர்களிடமிருந்து வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

நம் உடலும் இதே வழியில்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீதே ஆவியானால் 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்த வியர்வையால் அந்தப் பயன் இல்லை. மின்விசிறி அறையின் காற்றைக் குளிரச் செய்வதில்லை, நம் தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அகற்றி வியர்வை ஆவியாக வழிசெய்கிறது. ஆகவே ஆளில்லாத அறையில் அறை குளிரட்டும் என்று விசிறியை ஓடவிடுவதில் பயனில்லை. வெட்டிவேர்த் தட்டியைச் சன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிக்கும் பழக்கமும் இதே அறிவைச் சேர்ந்தது. போகிற தண்ணீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

இப்போது சென்னைக் கடற்கரைக்குப் போவோம். மெரினாவின் எதிரே, வட்டமான முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டடம் 1842-ஆம் ஆண்டில் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டது. அந்தப் பனிக்கட்டி எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை அடுத்த ஏரி குளங்களிலிருந்து வந்தது. அந்நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் அந்த ஏரிகளின் மேற்பரப்பைக் கட்டிகளாக அறுத்தெடுத்துக் கப்பலில் ஏற்றி, வெப்பநாடுகளில் விற்கும் தொழிலை 1806-ஆம் ஆண்டில் தொடங்கினார். முதல் சரக்கு கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவுக்குப் போனது. இந்தியாவுக்கு முதல் சரக்கு 1833-ஆம் ஆண்டு மே மாதம் புறப்பட்டது. அன்று சூயெஸ் கால்வாய் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, ஏறக்குறைய நான்கு மாதம் பயணம் செய்து அந்தக் கப்பல் கல்கத்தாவை அடைந்தபோது, ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் பனிக்கட்டி உருகாமல் மிஞ்சியிருந்தது.

நான்கு மாதம் வெயிலில் மிதந்த பனிக்கட்டியில் பாதிக்கு மேல் எப்படி மிஞ்சியது? மரத்தூள்தான் காரணம். மரம் அறுக்கும் ஆலைகளில் வீணாகக் கிடந்த தூளைக் கட்டிகளைச் சுற்றித் திணித்ததால், தூளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை உள்ளே விடவில்லை. கட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கியதும் உதவியது. ஏனென்றால் பெரிய குவியல், தன் எடையோடு ஒப்பிட, குறைந்த பரப்பில்தான் வெயிலின் வெப்பத்தை வாங்கும். சென்னையில் அன்று துறைமுகமும் கிடையாது. கப்பல் கரைக்கு அப்பால் கடலில் நங்கூரமிட்டு நிற்க, எந்தச் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டித்தான் கரைசேர வேண்டும். கடலும் இன்று இருப்பதைவிட அக்கட்டடத்துக்கு மிக அருகில் இருந்தது; பிற்காலத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகே மணல் சேர்ந்து மெரினா இவ்வளவு அகன்றது.

பனிக்கட்டியை இயந்திரத்தால் செய்யும் முறை 1870-களில் இந்திய நகரங்களுக்கு வந்ததும் இந்த வணிகம் நலிந்து மறைந்தது. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். கட்டடத்தின் பெயர் மாறியும், அந்தப் பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள்.

இந்த வரலாற்றை நான் இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் எடுத்துக்கொள்கிறது. உருகிய நீர் 30 டிகிரிக்குச் சூடேறுவதற்கு மேலும் 30 கலோரி. ஆக மொத்தம் 110 கலோரி. நம் மண்பானையின் வெளிப்புறத்திலிருந்து ஆவியாகும் ஒரு கிராம் தண்ணீரோ 580 கலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. அரை உலகத்தைச் சுற்றிவந்த பனிக்கட்டியைவிட, எடைக்கு எடை, ஐந்து மடங்குக்கும் மேலான வேலையை நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பானையின் மேல் செய்து முடிக்கிறது. பனிக்கட்டியால் தண்ணீரைச் சுழியம் டிகிரி வரை கொண்டுபோக முடியும், பானையால் அது முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தாகம் தீர்வதற்கு அவ்வளவு குளிர்ச்சி தேவையா என்பதை நேயர்களே எண்ணிப்பாருங்கள்.

அடுத்தது தண்ணீர்ப் பந்தல். சோழநாட்டில் திருவையாற்றுக்கு அருகே உள்ள திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் மீது கொண்ட அன்பினால், தம் பிள்ளைகளுக்கும் தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே வைத்தார். அந்த வழியே நடந்துவந்த நாவுக்கரசர் பந்தலில் தம் பெயர் எழுதியிருக்கக் கண்டு, இதை வைத்தவர் யார் என்று விசாரிப்பதிலிருந்து பெரியபுராணத்தின் அந்தப் பகுதி விரிகிறது. சேக்கிழார் அந்தப் பந்தலை, அளவில்லாத மக்கள் ஓயாமல் நடக்கும் வழியோரத்தில், வேனிலின் வருத்தத்தை அகற்றி, நீர் நிறைந்த குளத்தைப்போல் குளிர்ச்சி தங்கியிருந்த இடம் என்று பாடுகிறார். தண்ணீர் கொடுத்தால் போதும் என்று இல்லாமல், நிழலும் தண்மையும் சேர்ந்த இடமாகவே பந்தல் அன்று எண்ணப்பட்டது என்பதை இதிலிருந்து நான் உணர்கிறேன். இன்று கோடைதோறும் தெருமுனைகளில் பந்தல் திறக்கும் அன்பர்கள் எனக்கு மிகவும் வேண்டியவர்கள். அவர்களிடம் என் வேண்டுகோள், மேலே தகரத்துக்குப் பதிலாகத் தென்னங்கீற்று வேயுங்கள், கீழே மணல் கொட்டி நனையுங்கள், பானைகளை அந்த மணலின் மேல் மூடிவையுங்கள், மொண்டு ஊற்ற நீளமான பிடியுள்ள அகப்பை வையுங்கள். நீர்மோர் கொடுப்பவர்கள் உப்பைக் குறைக்க வேண்டாம்; வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவர் வியர்வையோடு உப்பையும் இழந்திருக்கிறார்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். ஆகவே நுங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. பனையில் ஆண், பெண் என்று மரங்கள் தனித்தனி. பெண்பனை மட்டுமே காய்க்கும், பதநீர் இரண்டிலும் இறக்கலாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால் பதநீர் புளிக்காமல் இருக்கிறது. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண் நுங்கு இருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்குகிற இளநுங்காகப் பார்த்து, கண்ணெதிரே சீவி எடுக்கச் சொல்லி வாங்குங்கள், அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். பனங்கிழங்கைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். அது தைப்பொங்கல் காலத்துச் செய்தி, அப்போது வாய்ப்புக் கிடைத்தால் சொல்கிறேன். வணக்கம்.