வெள்ளகவி: கொடைக்கானலுக்கு முந்தின ஊர்

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானல்னா ஏரி, போட்டிங், சாக்லேட், கோக்கர்ஸ் வாக், அப்பறம் சீசன் நேரத்து டிராஃபிக் ஜாம், இதுதான நமக்கு தெரியும். நான் இன்னிக்கு பேசப்போறது அதுக்கு கீழ, தெக்குப்பக்கம் சரிவுல இருக்கிற வெள்ளகவியப் பத்தி. நான் போனப்ப அந்த ஊருக்கு வண்டிப்பாதை கிடையாது, மேல வட்டக்கானல்ல இருந்து இறங்கணும், இல்லாட்டி பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில இருந்து ஏறணும், ரெண்டுல எதுவா இருந்தாலும் நம்ம காலுதான் வண்டி.

இதுல வேடிக்கை என்னன்னா, கொடைக்கானல்ங்கற டவுனே இல்லாத காலத்துல வெள்ளகவி இருந்துச்சு. 1821-ல பி.எஸ். வார்டுன்னு ஒரு லெப்டினன்ட் பழனி மலைய சர்வே பண்ண வந்தாரு, அவரு தங்கி வேலை பாத்தது இந்த வெள்ளகவியிலதான், இங்க இருந்து மேல ஏறிப்போய்தான் இப்ப கொடைக்கானல் இருக்கிற இடத்த அளந்தாரு. அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு, 1845-ல, மதுரையில இருந்த அமெரிக்க மிஷனரிங்க வந்து மேல பங்களா கட்டுனாங்க. அவங்க முதல்ல சிறுமலைக்குத்தான் போனாங்க, அங்க மலேரியா காய்ச்சல் படுத்தி எடுத்ததால இன்னும் உசரமா இடம் தேடி இங்க வந்தாங்க. அதாவது கொசுவுக்கு பயந்து வந்த ஊருதான் நாம இன்னிக்கு ஹனிமூன் போற ஊரு!

அப்ப ரோடு ஏது. 1875-ல அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்துச்சு, அந்த ஸ்டேஷனுக்குத்தான் இப்ப கொடைக்கானல் ரோடுன்னு பேரு, அங்க இறங்கி மாட்டுவண்டி புடிச்சு பெரியகுளம் தாண்டி மலையடிவாரத்து தோப்பு வரைக்கும் வந்து, அப்பறம் குதிரை மேலயோ நடந்தோ போகணும், வசதியான துரைமாருங்கள நாற்காலியில உக்கார வச்சு நம்ம ஆளுங்க தோள்ல தூக்கிட்டு ஏறுவாங்க. 1916 வாக்குல காட் ரோடு, அதான் மலை மேல ஏறுற வண்டிப்பாதை, வந்ததும் அந்த கதையெல்லாம் முடிஞ்சுபோச்சு. கொடைக்கானலுக்கு முடிஞ்சுச்சு, அத சொல்லணும், வெள்ளகவிக்கு முடியல.

சரி, பாதைக்கு வருவோம். வட்டக்கானல்ல டீக்கடை, ஆம்லெட் கடையெல்லாம் தாண்டி, மரத்து வேருதான் படிக்கட்டு. டால்பின் நோஸ் பாறை வரைக்கும் கூட்டம் இருக்கும், எல்லாரும் அந்த மூக்கு நுனியில நின்னு செல்ஃபி எடுக்கப் பாப்பாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க, கீழ அதல பாதாளம். அதுக்கப்பறம் கூட்டம் சுத்தமா கொறைஞ்சிரும். குளிர் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, மேல போட்ட ஸ்வெட்டர் இடுப்புக்கு வந்துரும், மரம் மாறும், காப்பிச்செடி, மிளகுக்கொடி, பலா, பட்டர் ஃப்ரூட்டுன்னு தோட்டம் ஆரம்பிக்கும். எதிர்ல மூட்டை கட்டுன குதிரைங்க வரும், முன்னால மணிச்சத்தம் கேக்கும், கேட்டதும் மலைப்பக்கமா ஒதுங்கி நிக்கணும், பள்ளத்துப் பக்கம் ஒதுங்குனா குதிரை லேசா இடிச்சாலே போச்சு. அரிசி, சிலிண்டர், சிமெண்டுன்னு மேல இருந்து வர்றதும், காப்பியும் பழமும் மேல போறதும் எல்லாம் அதுங்க முதுகுலதான், அதனால கடையில ஒரு பொருள் நாலு காசு கூட இருந்தா பேரம் பேசாதீங்க.

ஊரு எல்லையில செருப்பக் கழட்டிரணும். ஊர்க்காரங்க யாரும் உள்ள செருப்பு போடறதில்ல, ஏன்னா வீட்டுக்கு வீடு ஒட்டுனாப்ல கோயிலு, எது வாசல் எது சன்னதின்னே தெரியாது, மொத்த ஊரையுமே கோயிலாத்தான் வச்சிருக்காங்க. ட்ரெக்கிங் ஷூவோட வந்தவங்களும் லேஸ அவுத்து கையில தூக்கிட்டு நடக்க வேண்டியதுதான், கல்லு சுருக்கு சுருக்குன்னு குத்தும்.

ஒரு திண்ணையில உக்காந்து கடுங்காப்பி குடிச்சுக்கிட்டே, "ரோடு வராம இருக்கறதாலதான் ஊரு இவ்ளோ அழகா இருக்கு"ன்னு எங்ககூட வந்த ஒருத்தர் சொல்லிட்டாரு. காப்பி கொடுத்த அக்கா சிரிச்சுக்கிட்டே, "நீங்க சாயங்காலம் போயிருவீங்க தம்பி, ராத்திரி பிரசவ வலி வந்தா டோலி கட்டி தூக்கிட்டுப் போறது நாங்கதான"ன்னாங்க. யாரும் பதில் பேசல. என் கட்சி அந்த அக்கா கட்சிதான். நமக்கு ஒருநாள் காத்து வாங்கறதுக்காக ஒரு ஊரே நூறு வருஷம் முந்தின மாதிரி இருக்கணும்னு நினைக்கறது என்ன நியாயம்? காடு கெடும்ங்கற கவலை எனக்கும் இருக்கு, ஆனா அந்த காட்டுக்கு மேலயே ஒரு டவுனையும் லாட்ஜுங்களையும் கட்டிட்டு, கணக்க மட்டும் இவங்ககிட்ட கேக்கறோம்.

அங்க இருந்து கீழ இறங்குனா கும்பக்கரை. மேல வட்டக்கானல் பக்கம் ஓடுற பாம்பாறுதான் இங்க அருவியா விழுது, பாறைக்குழிங்களுக்கு யானை கஜம், பாம்பு கஜம்னு பேரெல்லாம் உண்டு. மலையில மழைன்னா திடீர்னு வெள்ளம் வரும், வனத்துறை குளிக்கத் தடை போடுவாங்க, போட்டா கேளுங்க.

போறவங்களுக்கு சில விஷயம். கொடைக்கானலுக்கு வண்டியில போக 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும். நடைக்கு வனத்துறைகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, 2018-ல குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டி செத்ததுக்கு அப்பறம் கெடுபிடி ஜாஸ்தி, அது நல்லதுதான். ஊர்க்காரங்க ஒருத்தர வழிகாட்டியா கூட்டிட்டுப் போங்க, கூலிய அவங்க கையிலயே கொடுங்க. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகாதீங்க. மழைக்காலத்துல வேண்டாம், அட்டை பிச்சு எடுத்துரும், உப்பும் பழைய துணியும் பையில இருக்கட்டும். முட்டி வலி இருக்கறவங்க இறங்கறதுதான ஈஸின்னு நினைச்சுராதீங்க, இறக்கத்துலதான் முட்டி கழண்டு போகும். நன்றி, வணக்கம்.