மஞ்சள் பைக்குள் என்ன இருந்தது?

நேயர்களுக்கு வணக்கம். திருச்சியில் ஒரு மருந்துக் கடையில் இருபத்திரண்டு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். மனச்சோர்வுக்கு மூலிகை மருந்து எடுப்பதைப் பற்றிப் பேச வானொலி நிலையத்தார் கூப்பிட்டதும் எனக்கு ஒரு மஞ்சள் பைதான் நினைவுக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. கடைக்கு வழக்கமாக வரும் ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும். இதய வால்வு மாற்றியவர். ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று ஐ.என்.ஆர். பரிசோதனையில் பார்ப்பார்கள். அவருக்கு அந்த அளவு 2.5க்குக் கீழே போகக் கூடாது. ஆனால் இரண்டு மாதமாக இறங்கிக்கொண்டே வந்து 1.4இல் நின்றது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், பிறகு மறுபடியும் கூட்டினார். "வேளை தவறாமப் போடுறீங்களா?" என்று யாராவது கேட்டால் அந்த அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

கூட்டி எழுதிய சீட்டோடு வந்தவரிடம் கேட்டேன்: "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லப்பா."

"சூரணம், லேகியம், டானிக்கு?"

"அதெல்லாம் மருந்தா?" என்று சொல்லி, கையிலிருந்த மஞ்சள் பையை மேஜைமேல் கவிழ்த்தார்.

பாதி தீர்ந்த அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, சூரண டப்பா ஒன்று. செய்தித்தாளில் மடித்த பச்சைப் பொடி ஒன்று. அப்புறம், மஞ்சள் பூப்படம் போட்ட ஒரு பாட்டில். கணவர் தவறிய பிறகு அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டு, ஜெர்மனியில் இருக்கும் மகள் ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியது. அங்கே அதன் பெயர் யொஹானிஸ்க்ராவுட். ஆங்கிலப் பெயரைச் சொன்னால் சிலருக்குத் தெரியலாம்: செயிண்ட் ஜான்ஸ் வோர்ட். ஜூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டிப் பூப்பதால் வந்த பெயர்.

அந்த மகள் ஏமாந்து எதையோ வாங்கவில்லை. ஜெர்மனியில் மனச்சோர்வுக்கு மருத்துவர்களே எழுதிக் கொடுக்கிற மூலிகை இது. 2008இல் 29 ஆய்வுகளை, ஏறக்குறைய 5,500 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையைவிட இது மேல், வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளுக்குக் கிட்டத்தட்ட ஈடு, பக்கவிளைவும் குறைவு என்று வந்தது. ஜெர்மன் பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த ஆய்விலோ மாவு மாத்திரையை மூலிகையும் ஜெயிக்கவில்லை, கூட வைத்துப் பார்த்த செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் தெளிவாக ஜெயிக்கவில்லை. ஆக, லேசான, நடுத்தரச் சோர்வுக்கு உதவக்கூடிய சரக்குதான்.

வேலை செய்கிற சரக்கு என்பதால்தான் வம்பும் வருகிறது. நாம் விழுங்கும் மருந்துகளைச் சிதைத்து வெளியே அனுப்பும் பட்டறை கல்லீரல். இந்த மூலிகை அந்தப் பட்டறையில் ஆள்பலத்தைக் கூட்டிவிடும். நேற்றுவரை ஒரு நாள் முழுக்க ரத்தத்தில் நின்ற மருந்து, இன்றைக்குப் பாதி நாளிலேயே கழிந்துபோகும். வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, இதயத்துக்கான டிகாக்சின், எச்.ஐ.வி. மருந்துகள் சில, உறுப்பு மாற்றியவர்கள் போடும் சைக்ளோஸ்போரின், எல்லாவற்றின் அளவும் இந்த மூலிகையால் ரத்தத்தில் குறையும். இதயமாற்று அறுவை செய்த இரண்டு பேர் இந்த மூலிகையைச் சாப்பிட்டு, சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, புது இதயத்தை உடம்பு ஏற்க மறுத்த செய்தி சூரிச்சிலிருந்து 2000ஆம் ஆண்டில் வந்தது. மனச்சோர்வு மாத்திரையோடு இதைச் சேர்த்துப் போட்டால் வேறு ஆபத்து. மூளையில் சுரக்கும் செரோடோனின் என்ற ரசாயனம் அளவுக்கு மீறி ஏறி, நடுக்கம், காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

சரி, அப்படியானால் பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேனா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுதான் பெரிய தப்பாக இருந்திருக்கும். மூலிகையை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். டாக்டர் கூட்டிய வார்ஃபரின் அப்போது முழு அளவில் ரத்தத்தில் தங்கும். மூக்கில், ஈறில் என்று தொடங்கி மூளைவரைக்கும் ரத்தக்கசிவு வரலாம். பாட்டிலோடு அவரை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன்.

நம்ம ஊர்ச் சரக்குக்கு இதெல்லாம் கிடையாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அமுக்கராவை எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் அது உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் தைராய்டு சுரப்பை அது ஏற்றிவிடக்கூடும், தைராக்சின் மாத்திரை போடுகிறவருக்கு நெஞ்சு படபடக்கும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மறுநாள் மதியம்வரை மந்தம். கல்லீரல் பாதிப்பும் சில நாடுகளில் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். குங்குமப்பூவைத் தினம் 30 மில்லிகிராம் கொடுத்து நடந்த ஆய்வுகளில் மனச்சோர்வுக்குப் பலன் தெரிந்தது. பெரும்பாலும் ஈரானில், சில வாரங்கள் மட்டும் நடந்த சிறிய ஆய்வுகள். அந்த விலைக்கு நல்ல குங்குமப்பூதான் கிடைக்கிறதா என்பது தனி விவகாரம். பூனைக்காலி விதையில் எல்-டோபா இருக்கிறது, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே மருந்து. "நரம்புக்குப் பலம்" என்று மட்டும் அதன் சீட்டில் போட்டிருக்கும்!

சர்ப்பகந்தா கதையைச் சொல்லாமல் போக மனசில்லை. பித்துப் பிடித்தவரை அடக்கும் வேர் அது. 1931இலேயே கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதைப் பற்றி எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்துப்பொருள் பிரிக்கப்பட்டு, ரத்த அழுத்தத்துக்கு உலகம் முழுக்கப் போனது. பிறகு பார்த்தால், சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். மனசுக்கு நல்ல மூலிகை என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்த மனசுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தித்தாள் பொட்டலத்துக்கு வருகிறேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் உடம்பில் ஏறினாலே எரிச்சலும் சோர்வும் வரும். வாங்குவதென்றால் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சான டப்பாவாகப் பாருங்கள். உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் எல்லாம் பதிவு பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்துக் கொடுக்க வேண்டியவை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியவை அல்ல. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும் இருக்கிறது. அங்கே போனாலும் ஆங்கில மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

மூலிகைக்குப் போகுமுன் ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். ஏற்கெனவே மனநல மாத்திரை போடுகிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்திவிட்டு மூலிகைக்குத் தாவ வேண்டாம். தலைசுற்றல், தூக்கமின்மை, விட்ட நோய் திரும்புவது எல்லாம் வரும். சில மாதம் சோர்வும் சில மாதம் அளவுக்கு மீறிய உற்சாகமும் மாறி மாறி வருகிறவர்களுக்குச் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் அந்த உற்சாகத்தைக் கிளப்பிவிடக்கூடும். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு வருகிறவருக்குச் சூரணம் கரைத்துக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி சேவை இருக்கிறது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாட்டிலை நிறுத்தச் சொல்லி, வாரம் இருமுறை ஐ.என்.ஆர். பார்த்து, வார்ஃபரினைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அளவு நிலைக்கு வர ஒரு மாதம் ஆனது. மனநல மருத்துவரிடமும் போனார். முதல் நாள் மகன் கையைப் பிடித்து இழுத்துத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது பேச்சு வந்துவிட்டது, விலை ஏறியதற்கு என்னோடு சண்டையும் போடுகிறார். வல்லாரைத் துவையலையாவது விட்டு வையுங்கள் என்று டாக்டரிடம் கேட்டாராம். கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினோடு மல்லுக்கட்டும் என்பதால், வாரத்துக்கு ஒரே அளவாகச் சாப்பிடுவதென்றால் சரி என்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் துவையல், ஒரு கரண்டி.

வணக்கம்.