மாமாவின் டி.வி.எஸ்ஸும் என் விமானமும்

வணக்கம் மக்களே. பேசுவது கேட்கிறதா? மைக்கின் மேல் மாமாவின் துண்டைச் சுற்றி வைத்திருக்கிறேன், அப்படியும் இரைகிறது. பணகுடிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கிறேன். பின்னால் மகேந்திரகிரி. மற்ற பக்கமெல்லாம் காற்றாலை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வருகிற காற்று எப்படி இருக்கும் என்று வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டெக்சாஸில் நானே கட்டிய ஆர்.வி-9ஏ என்ற சின்ன விமானத்தை பக்கக் காற்றில் எப்படி இறக்குகிறேன் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். விமானம் அங்கே ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில் கிடக்கிறது, நான் லீவில் இங்கே இருக்கிறேன். ஆனால் இதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

முதலில் கணக்கு. காற்று 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வீசினால் 20 நாட்டும் பக்கவாட்டில் தள்ளாது. ரன்வேக்கு 30 டிகிரி சாய்வாக வந்தால் பாதி, அதாவது 10 நாட்தான் பக்கக் காற்று. 45 டிகிரி என்றால் 14. 60 டிகிரியைத் தாண்டினால் முழுசும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானத்தளங்களில் அந்தத் துணிக்குழாய், விண்ட்சாக், விறைத்துக்கொண்டு நேராக நின்றால் குறைந்தது 15 நாட். நம் தூத்துக்குடி வாகைக்குளம் ரன்வேயின் எண் 10/28. கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, அதனால் இந்த மேல்காற்று பெரும்பாலும் நேர் எதிரே வரும். கொடுத்து வைத்தவர்கள்.

அடுத்தது இறங்கும் விதம். ஆற்றில் அக்கரைப் படித்துறைக்கு நேராக நீந்தினால் எங்கே போய் ஏறுவோம்? நாலு படித்துறை தள்ளி. அதனால் தாமிரபரணியில் நீந்திப் பழகியவன் தலையை நீர்வரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டே நீந்துவான். விமானமும் அப்படித்தான். மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்து, ரன்வேயின் நடுக்கோட்டில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வருகிறோம். வானத்தில் இது சுகம். ஆனால் அதே கோணத்தில் சக்கரம் தரையைத் தொட்டால் டயரும் சக்கரத்தைத் தாங்கும் காலும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால் கடைசியில் ரட்டரை, அதாவது வாலில் இருக்கிற சுக்கானை, காலால் மிதித்து மூக்கை ரன்வேக்கு நேராக்க வேண்டும். நேராக்கிய உடனே காற்று ஓரத்துக்குத் தள்ளும். அதைத் தடுக்க ஸ்டிக்கை, அதாவது கையில் பிடிக்கிற கட்டுப்பாட்டுக் கம்பியை, காற்றுப் பக்கம் சாய்த்து அந்த இறக்கையைக் கீழே இறக்க வேண்டும். முதலில் காற்றுப் பக்கச் சக்கரம், அப்புறம் மற்றது, கடைசியாக மூக்குச் சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவதைப் பார்க்கிறவர்கள் தப்பாக இறங்குகிறான் என்பார்கள். அதுதான் சரி.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். முப்பது வருஷமாக டி.வி.எஸ் 50-யில் வாழைத்தார் ஏற்றுகிறவர். “ஏலே, காவல்கிணத்துக்குப் போகையில நான் தினம் வலது பக்கம் சாஞ்சுதான ஓட்டுதேன்” என்றார். இன்னொன்றும் சொன்னார். வலது பக்கமாக லாரி ஒன்று முந்திப் போனால் காற்று சட்டென்று நின்றுவிடும், சாய்ந்த வண்டி லாரிப் பக்கமே போகும். லாரி தாண்டியதும் காற்று மறுபடி ஓங்கி அடிக்கும். ரன்வே ஓரத்தில் ஹேங்கர் இருந்தால், மரவரிசை இருந்தால், இதே கதைதான். கட்டடத்தின் மறைவில் காற்று செத்து, இடைவெளி வந்ததும் பாயும். புதுத் தளத்துக்குப் போனால் ரன்வேக்குக் காற்று வருகிற பக்கம் என்ன நிற்கிறது என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.

காற்று விட்டு விட்டு வீசினால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவோம். 12 நாட், இடையிடையே 20 என்றால் வித்தியாசம் 8, அதில் பாதி 4 நாட் கூடுதல். அதற்கு மேல் வேண்டாம். ஆர்.வி-9ஏ-க்கு நீள இறக்கை, தரைக்கு மேல் மிதந்துகொண்டே போகும். மிதக்கிற நேரமெல்லாம் காற்று நம்மை ஓரத்துக்குத் தள்ளுகிற நேரம்.

இப்போது என் கதை. போன வருஷம் ஒரு சின்னத் தளத்தில் இடப் பக்கக் காற்று, 10 நாட் இருக்கும். இடச் சக்கரம், வலச் சக்கரம், மூக்கு எல்லாம் பூப்போல உட்கார்ந்தது. ‘சரி, முடிந்தது’ என்று ஸ்டிக்கை நடுவுக்கு விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு. வேகம் குறையக் குறைய ரட்டர், ஏலிரான் (ஸ்டிக்கைச் சாய்த்தால் அசைகிற இறக்கை ஓரத்து மடல்) எல்லாம் வலு இழக்கும். காற்று மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே ஸ்டிக்கை விடக்கூடாது. வேகம் குறையும்போது காற்றுப் பக்கம் இன்னும் அதிகமாகச் சாய்த்து, கடைசியில் முழுக்கச் சாய்த்து வைக்க வேண்டும். நான் விட்டேன். காற்று ஓங்கி அடித்தது, இட இறக்கை எழுந்தது, வால் வலது பக்கம் தள்ளப்பட்டு மூக்கு காற்றை நோக்கித் திரும்பியது. இந்த விமானத்தில் மூக்குச் சக்கரம் தள்ளுவண்டிச் சக்கரம் போலத் தன்பாட்டுக்குச் சுழலும், பிடித்துத் திருப்ப ஒன்றும் கிடையாது. ரட்டரும் பிரேக்கும்தான். இடச் சக்கரம் புல்லில் இறங்கி, அதன் ஃபைபர் கூடு உடைந்தது. அதற்குப் பெயர் வீல் பேண்ட். பேண்ட் கிழிந்தவன் என்று ஹேங்கரில் இன்னும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

மூக்கில் இல்லாமல் வாலில் மூன்றாவது சக்கரம் உள்ள வால்சக்கர விமானமாக இருந்திருந்தால் கூட்டோடு போயிருக்காது. அதில் எடை முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். ஒருமுறை திரும்ப ஆரம்பித்தால் பின்பாரம் முன்னால் வரப் பார்த்து, வட்டமடித்துவிடும்.

எத்தனை நாட் வரை இறங்கலாம் என்பதும் கேள்வி. செஸ்னா 172எஸ் கையேட்டில் 15 நாட் என்று இருக்கும். அதுகூட எல்லை அல்ல, சோதனையில் செய்து காட்டிய அளவு. நாமே கட்டிய விமானத்துக்குச் செய்து காட்ட நம்மை விட்டால் யார்? அமெரிக்காவில் முதல் 25 அல்லது 40 மணி நேரம் பயணி இல்லாமல் சோதனைப் பறப்பு. என் நோட்டில் 5, 8, 10 என்று ஏறி 12-இல் நிறுத்தியிருக்கிறேன். அதுவும் காகிதத்து எண்தான். தரைக்கு மேலே வரும்போது ரட்டரை முழுக்க மிதித்தும் மூக்கு நேராகவில்லையா, அன்றைக்கு அந்த ரன்வே நமக்கு இல்லை. எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளி மேலே ஏறி வேறு ரன்வேக்குப் போங்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன், ஒரு தடவை பக்கத்து ஊரில் இறங்கி ராத்திரி தங்கினேன். மனைவி திட்டினாள், அவ்வளவுதான்.

மாமா வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். என் மடியில் ஒரு தார் ஏறப் போகிறது. காவல்கிணறு ரோட்டில் லாரி முந்தும்போது அவர் என்ன செய்கிறார் என்று ஒரு கையால் படம் பிடிக்கப் பார்க்கிறேன்.