தொட்டவுடன் ஆறாத புண்

நேயர்களுக்கு வணக்கம்.

மந்திரமும் மாயமும் வருகிற கதைகளை இளையவர்களுக்காக எழுதுகிறவள் நான். இப்போது கையில் இருக்கும் நாவலில் இரண்டு நாடுகள் மோதிக்கொள்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறாள், புண் ஆற்றத் தெரிந்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கு இதுவரை மூன்று முறை பெயர் மாற்றிவிட்டேன், நான்காவது முறையும் மாறலாம். அதனால் இன்று 'அந்தப் பெண்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் படியில் அவள் கை வைத்தால் போதும், வெட்டுக்காயம் மூடிக்கொள்ளும், முறிந்த எலும்பு சேர்ந்துகொள்ளும். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. வழக்கம்போல அச்சுக்குப் போகுமுன் பதினான்கு வயது வாசகி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தாள்: "தொட்டாலே சரியாகிவிடும் என்றால் இவர்கள் எதற்கு இவ்வளவு கவலைப்படுகிறார்கள்?"

இருநூறு பக்கம் அந்த ஒரு வரியில் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால், இந்தத் தொட்டுக் குணமாக்கும் வித்தை நம் கதைகளுக்குள் வந்ததில் விளையாட்டுகளுக்கும் பங்கு உண்டு. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்திலேயே, காயம் ஆற்றுவதற்கென்று ஒரு பூசாரிப் பாத்திரம் இருந்தது. அப்புறம் வந்த கணினி விளையாட்டுகளில் உயிர் என்பது திரையின் மூலையில் ஒரு கோடு. குறைந்தால் நிரப்பிக்கொள்ளலாம். விளையாட்டுக்கு அது சரி, ஆட்டம் நிற்காமல் ஓட வேண்டுமே. கதைக்கு அது ஒத்துவராது. நிரப்பிக்கொள்ளக்கூடிய உயிரைப் பற்றி வாசகர் ஏன் பதற வேண்டும்?

இதற்கு எழுத்தாளர்கள் வழக்கமாகச் செய்யும் ஒட்டு ஒன்று இருக்கிறது. குணமாக்கியதும் நாயகியின் மூக்கில் ஒரு துளி ரத்தம் வழியும், மயங்கி விழுவாள், அடுத்த அத்தியாயத்தில் கஞ்சி குடித்துவிட்டு எழுந்துகொள்வாள். நானும் அதைச் செய்து பார்த்தேன். வாசகி விடவில்லை. "இது சும்மா தூக்கம்" என்று எழுதிவிட்டாள்.

சரி, உண்மையில் போர்க்களத்தில் புண் ஆற்றியவர்கள் என்ன செய்தார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன். அங்கேதான் என் கதை கிடைத்தது.

1537இல் வட இத்தாலியில் நடந்த போர். பிரெஞ்சுப் படையோடு போன அம்புரோசு பாரே என்ற இளம் அறுவை வைத்தியருக்கு அதுதான் முதல் போர்க்களம். துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் நஞ்சு ஏறிவிடுகிறது என்று அன்று நம்பினார்கள். நஞ்சை முறிக்கக் கொதிக்கும் எண்ணெயைக் காயத்தில் ஊற்றுவார்கள். அன்றைக்குக் காயம்பட்டவர்கள் அதிகம், எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துப் பூசிவிட்டுப் போய்ப் படுத்தார். தூக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் எல்லாம் நஞ்சேறிச் செத்துக் கிடப்பார்களோ என்ற பயம். விடிவதற்கு முன்பே எழுந்து ஓடிப் பார்த்தால், களிம்பு பூசியவர்கள் வலி குறைந்து கிடக்கிறார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலும் வீக்கமுமாகத் துடிக்கிறார்கள். இனிமேல் யாரையும் இப்படிச் சுடுவதில்லை என்று அவர் முடிவு செய்தது அந்த விடியலில்தான். 1545இல் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

எந்த மந்திரக் கதையிலும் இந்த இரவுக்கு ஈடாக ஒன்றை நான் படித்ததில்லை. எண்ணெய் தீர்ந்துபோகிறது, பாருங்கள். தீராத சக்தி பாரேயிடம் இருந்திருந்தால் அந்த விடியலே இல்லை.

அதனால் என் பெண்ணின் கையிலிருந்து மந்திரத்தைப் பாதி பிடுங்கிவிட்டேன். இப்போது அவளால் புண்ணை ஆற்ற முடியாது. புண் எதனால் ஆறும் என்பதைத் தொட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் முடியும். மருந்தை அவள்தான் தேட வேண்டும். அந்த மருந்தின் ஒரு பாதி மலை நாட்டுப் பாசி, மறுபாதி கரை நாட்டு உப்பு. இரண்டு நாடுகளும் எல்லையை மூடியிருக்கின்றன. கொஞ்சம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் கதை நடக்கிறது, விட்டுவிட்டேன்.

இனி நாடுகளுக்கு வருகிறேன். இளையோர் மிகுபுனைவில் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும். அதில் ஒரு நாடு முழுக்கக் கோபக்காரர்கள், இன்னொரு நாடு முழுக்கத் தந்திரக்காரர்கள், மூன்றாவது நாடு முழுக்கப் புத்தகம் படிப்பவர்கள். என் முதல் படியிலும் இதே கதைதான். மலைக்காரர்கள் எல்லோரும் முரடர்கள். கரைக்காரர்கள் எல்லோரும் கணக்குப் பார்ப்பவர்கள். ஒரு நாட்டை இப்படிச் சுருக்குவது படையெடுத்துப் போகிற தளபதிக்கு வசதி. வைத்தியம் பார்க்கிறவளுக்கு அந்த வசதி கிடையாது. அவள் முன்னால் கிடப்பது ஒரு நாடில்லையே, ஒரு தொடை.

இந்த இடத்தில் எனக்கு மொழி உதவியது. தமிழில் வலியைச் சொல்ல எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இசிவு, விண்விண் என்று தெறிப்பு. வயிறு கடுக்கிறது என்பதும் வயிறு எரிகிறது என்பதும் வைத்தியம் தெரிந்தவர் காதில் இரண்டு வேறு செய்திகள். பல் வலிக்கிறது என்று பொதுவாகச் சொல்லலாம். குடைகிறது என்றால் அது வேறு. இப்போது எதிரி நாட்டு வீரன் ஒருவன் அந்தப் பெண்ணின் முன்னால் கிடக்கிறான். அவன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அது குத்தலா, குடைச்சலா? அவளுக்குத் தெரியாது. அவனுடைய மொழியில் அவள் கற்றிருப்பது மூன்றே சொற்கள்: நில், ஆயுதத்தைப் போடு, கையைத் தூக்கு.

அந்த அத்தியாயத்தை எழுத எனக்கு ஆறு வாரம் ஆனது. ஒரு சண்டைக் காட்சியை ஒரு மாலையில் எழுதிவிடுகிறவள் நான். இதில் அவர்கள் இருவரும் ஒரு முழு இரவு உட்கார்ந்து வலிச் சொற்களைக் கற்றுக்கொள்கிறார்கள். அவள் ஊசியால் விரல் நுனியைக் குத்திக் காட்டுகிறாள், அவன் ஒரு சொல் சொல்கிறான். அவள் விளக்குச் சுடரில் விரலைக் காட்டுகிறாள், அவன் இன்னொரு சொல் சொல்கிறான். விடியும்போது பதினோரு சொற்கள் சேர்ந்துவிடுகின்றன. காதல் இல்லையா என்று என் பதிப்பாளர் கேட்டார். எதிரி இளவரசனைக் காதலித்தால் போர் நின்றுவிடும் என்ற நம்பிக்கை நமது துறையில் நிறைய இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, இந்தப் பதினோரு சொற்களே போதும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து வருவதுதான் இந்த வகைக் கதையின் பெரிய முடிச்சு. புண் ஆறிய வீரன் எங்கே போவான்? திரும்பவும் களத்துக்குத்தான். அப்படியென்றால் வைத்தியம் பார்த்தவள் போரை நீட்டித்தாளா? நிறைய நாவல்கள் இந்தக் கேள்வியைக் கண்டும் காணாததுபோல் தாண்டிவிடுகின்றன.

வரலாறு தாண்டவில்லை. 1859 ஜூன் 24 அன்று, வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில், ஒரு பக்கம் பிரான்சும் சார்டீனியாவும், மறுபக்கம் ஆஸ்திரியாவும் மோதின. தன் வியாபார விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசரைப் பார்க்கப் போயிருந்த ஆன்ரி துனான் என்ற சுவிஸ்காரர், பக்கத்தில் உள்ள காஸ்தில்லியோனே ஊரில் ஆயிரக்கணக்கில் காயம்பட்டவர்கள் கவனிப்பாரின்றிக் கிடப்பதைப் பார்த்தார். அவர் வைத்தியர் இல்லை. தண்ணீர் கொடுத்தார், கட்டுப் போட்டார், ஊர்ப் பெண்களைத் திரட்டினார். எந்த நாட்டுச் சீருடை என்று பார்க்காமல், எல்லோரும் சகோதரர்களே என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெண்கள் வேலை செய்தார்கள். பிரெஞ்சுப் படை சிறைபிடித்து வைத்திருந்த ஆஸ்திரிய வைத்தியர்களை விடுவித்து, காயம்பட்டவர்களைப் பார்க்கவிடும்படியும் துனான் கேட்டு வாங்கினார்.

இதிலிருந்து 1863இல் செஞ்சிலுவைக் குழுவும், 1864இல் முதல் ஜெனீவா ஒப்பந்தமும் பிறந்தன. பத்தே பிரிவுகள் கொண்ட சின்ன ஒப்பந்தம். பெரிய விஷயங்களைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். எனக்குப் பிடித்தவை சின்ன விஷயங்கள். காயம்பட்ட வீரனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடியானவரின் வீட்டில் படையைத் தங்கவைக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி. இன்னொன்று என் முடிச்சையே தொடுகிறது. குணமானவர்களில் இனிப் போரிட முடியாதவர்களைச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மற்றவர்களையும், இந்தப் போர் முடியும்வரை ஆயுதம் எடுப்பதில்லை என்ற நிபந்தனையோடு அனுப்பலாம்.

ஆயுதம் எடுப்பதில்லை என்ற வாக்கு. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? வாக்குக் கொடுத்தவன் ஊருக்குத் திரும்புகிறான். அவன் ஊர் முற்றுகையில் இருக்கிறது. அவன் கையில் ஒரு வில்லைத் திணிக்கிறார்கள். என் நாவலின் இரண்டாம் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த ஏற்பாட்டை எல்லோரும் உடனே வரவேற்றதாக நினைக்க வேண்டாம். கிரிமியப் போரில் பெயர் பெற்ற புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கே தொடக்கத்தில் சந்தேகம் இருந்தது. காயம்பட்டவர்களைப் பார்ப்பது அரசுகளின் கடமை, தொண்டர்கள் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டால் அரசுகளுக்குப் போர் தொடுப்பது இன்னும் எளிதாகிவிடும் என்று அவர் நினைத்தார். என் கதையில் அந்தப் பெண்ணின் பாட்டியும் இதே கட்சி. பாட்டி பேசுகிற பக்கங்களில் நான் குறுக்கே போவதில்லை, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நெப்போலியன் படையின் வைத்தியர் டொமினிக் லாரேயைப் பற்றியும் சொல்ல ஆசை. பதவியோ நாடோ பார்க்காமல், காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசை வைத்தவர். 1815இல் வாட்டர்லூவில் பிரஷ்யப் படையிடம் பிடிபட்டார். சாவு உறுதி என்றிருந்த நேரத்தில் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். பிரஷ்யத் தளபதி புளூஹரின் மகனுக்கு லாரே முன்பு வைத்தியம் பார்த்திருந்ததால் தளபதியே அவரை விடுவித்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாறுகளில் வரும் செய்தி. இதை நாவலில் எழுதினால் என் வாசகி பென்சிலை எடுத்துவிடுவாள். வரலாற்றுக்கு இருக்கிற சலுகை நமக்கு இல்லை.

போன வாரம் திருத்திய படியை அவளிடம் கொடுத்தேன். வலிச் சொற்கள் வரும் அத்தியாயத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதுவே எனக்குப் பரிசு. ஆனால் அதற்கு அடுத்த பக்கத்தில், வீரன் பதினைந்து நாள் படுத்துக் கிடக்கிற இடத்தில், "இவனுக்கு யார் சோறு ஊட்டுகிறார்கள்? யார் துணி மாற்றுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறாள்.

பதில் இல்லாமல் விழித்தேன். மருந்து என்பதை நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்று நான்காக வகுத்துச் சொல்லியிருக்கிறார் வள்ளுவர். பள்ளியில் மனப்பாடம் செய்த குறள்தான். முதல் மூன்றுக்கும் ஆள் வைத்துவிட்டு நான்காவது ஆளை மறந்துபோயிருக்கிறேன். இப்போது அந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லைக் கிராமத்துக்காரராக இருக்கலாம், இரண்டு மொழியும் தெரிந்தவராக. மகனைப் போரில் பறிகொடுத்தவராகவும் இருக்கலாம். எந்த நாட்டுப் போர்வீரன் கையால் மகன் போனான் என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

வணக்கம்.