பூண்டு வாணலிக்குள் போகும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கக் கொடுக்கும் பண்டங்களில் பூண்டுக் காளானுக்குத் தனி மவுசு. ஆனால் வீட்டில் செய்தால் காளான் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடுகிறது, பூண்டு ஒன்று மணக்காது, இல்லையென்றால் கசக்கும் என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். மசாலாவை மாற்றிப் பயனில்லை. எது எப்போது வாணலிக்குள் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உரித்த பூண்டுப் பல்லை முழுசாக முகர்ந்து பாருங்கள், பெரிதாக வாசம் இருக்காது. நறுக்கியதும் நெடி மூக்கில் ஏறும். செல்கள் உடையும்போது, அதுவரை தனித்தனியாக இருந்த அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. அந்தக் காரம் அதனுடையதுதான். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். அதனால் நறுக்கிய கையோடு அடுப்பில் போடாமல் 10 நிமிடம் விட்டுவையுங்கள். சீவினால் காரம் மட்டாக இருக்கும், நசுக்கினால் தூக்கலாக இருக்கும். நமக்கு இரண்டும் வேண்டும். 200 கிராம் மொட்டுக் காளானுக்கு 6 பல்லை மெல்லிசாகச் சீவி, 4 பல்லை நசுக்கித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காளானைக் கழுவவே கூடாது என்பார்கள். அது கொஞ்சம் மிகை. குழாயில் சட்டென்று அலசித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஊறப்போட்டால்தான் வம்பு. பிறகு பாதியாக வெட்டுங்கள்.

அகலமான வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, சூடேறும் முன்பே சீவிய பூண்டைப் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். துண்டுகளின் ஓரத்தில் பொடிக் குமிழ் கிளம்பும். வெளிர் பொன்னிறம் வந்ததுமே அரித்து எடுத்துவிடுங்கள், எடுத்த பிறகும் நிறம் ஏறும். பழுப்பு முற்றிவிட்டால் கசப்பு எண்ணெயிலும் இறங்கிவிடும். அதற்கப்புறம் உப்போ எலுமிச்சையோ காப்பாற்றாது. எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

இப்போது அதே எண்ணெயில், தீயைக் கூட்டி, காளானை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நெருக்கமாகக் குவித்தால் அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் தன் தண்ணீரிலேயே வெந்துபோகும். இடம் போதவில்லையா, இரண்டு தடவையாகப் போடுங்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். முதலில் 'சர்' என்று சத்தம் வரும். தண்ணீர் விடும்போது அது தணிந்து கொதிக்கிற சத்தமாகும். தண்ணீர் வற்றியதும் மறுபடி படபடவென்று பொரியும். அப்போது திருப்பிப் போட்டால் அடிப்பக்கம் நன்றாகச் சிவந்திருக்கும். உப்பு இப்போதுதான், முன்பே போட்டால் தண்ணீர் சீக்கிரம் கசியும்.

மறுபக்கமும் சிவந்ததும் தீயைக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் சேருங்கள். அரை நிமிடம் பிரட்டினால் பச்சை நெடி அடங்கிவிடும், மணம் நிற்கும். அடுப்பை அணைத்து மிளகுத்தூள், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லித் தழை சேர்த்து, எடுத்து வைத்த மொறுமொறு பூண்டை மேலே தூவுங்கள். சிலர் சோயா சாஸ் ஊற்றுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, பூண்டை அமுக்கிவிடும்.

காலிஃபிளவரிலும் இதே மாதிரி செய்யலாம். 3 நிமிடம் ஆவியில் வைத்து, ஈரம் போக உலர்த்திவிட்டுப் பிறகு வாணலியில் போடுங்கள்.

இன்னொன்று. அவசரத்துக்கு உதவும் என்று பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து கொடிய நச்சை உண்டாக்கலாம். மணத்திலோ நிறத்திலோ அது தெரியாது. வீட்டில் செய்த பூண்டு எண்ணெய் மீந்தால் உடனே குளிர்பெட்டியில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.